நாலு அங்குல உயரம்

அவருக்கு எங்கள் தெருவில் ‘ரிவர்ஸ்’ என்று பெயர். வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின்பக்கமாக எடுத்து, முகம் சாலையைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். மின்சாரத் துறையில் முப்பத்தோரு வருடம் ஜீப் ஓட்டியவர். மின்கோபுரங்களைப் பார்வையிடப் போகும் பொறியாளர்களைச் சேற்றிலும் பாறையிலும் ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. தேய்ந்து மொழுக்கென்று போன டயர்களோடுதான் துறை வண்டியைக் கொடுப்பார்களாம். சேற்றில் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளுவதும் அவர்தான், ஓட்டத் தெரியவில்லை என்று திட்டு வாங்குவதும் அவர்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், இருபது வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, என் டயர் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார், எனக்கு அண்ணி. அவர் கையில் பெரிய அட்டை வட்டம் ஒன்று இருந்தது. அண்ணி தையல் வேலை செய்பவர், பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்.

ரிவர்ஸ் அதை வாங்கிச் சக்கரத்தின்மேல் வைத்துக் காட்டினார். “இந்த அளவு டயர் போடணும் தம்பி.”

“இருக்கறதைவிட இது ரெண்டு சைஸ் பெருசுண்ணே. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்கார்டுல உரசும். தகட்டை வெட்டணும். ஸ்பிரிங்குக்குக் கீழ கட்டை வெச்சு வண்டியைத் தூக்கணும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே அழுத்தணும்.”

“எல்லாம் தெரியும். முப்பத்தோரு வருஷமா யோசிச்சு வெச்சிருக்கேன்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணி சிரித்தார். “வண்டிக்கு ஷூ வாங்குற அழகைப் பாருங்க தம்பி. என் செருப்பு அறுந்துபோச்சுன்னு ஒரு வாரமா கத்துறேன், இவர் காதுல விழவே இல்ல.”

பெரிய டயர் எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. மலை முகட்டில் கடைசி மின்கோபுரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் நின்றால் இரண்டு பக்கமும் சமவெளி தெரியும். ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மழையுமாகப் பார்த்திருக்கிறாராம். வீட்டுக்கு வந்து அதை அண்ணியிடம் அத்தனை முறை சொல்லியிருக்கிறார். ஆனால் துறை வண்டியில் வெளியாளை ஏற்றக் கூடாது. இப்போது சொந்த வண்டி. அந்தப் பாதையில் ஏறவேண்டுமானால் சாதாரண டயர் போதாது.

இரண்டு நாள் வேலை. மட்கார்டின் மூலையை நான்தான் வெட்டினேன். டயரும் கட்டையும் சேர்ந்து வண்டி நாலு அங்குலம் உயர்ந்தது. உரசலைப் பற்றி, பிரேக்கைப் பற்றி எல்லாம் பேசினோம். ஏறுகிற உயரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வண்டி தயாரான அன்று அண்ணி ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார். ரிவர்ஸ் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டார்.

“ஏங்க, வீட்டு மாடிப்படியைக் கழட்டி இதுல மாட்டுங்க” என்று அண்ணி மேலேயிருந்து சொன்னதற்கு மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த வாரமே மலைக்குப் போவதாக இருந்தார்கள். போகவில்லை. அண்ணிக்குக் கால் மரத்துப் போகிறது என்றார்கள். வயது என்று நினைத்திருக்கிறார்கள். பரிசோதனை செய்தபோது நரம்பு நோய் என்றும், சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும் என்றும் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. அண்ணி ஆட்டோவில் போகத் தொடங்கினார்.

“உங்க வண்டியை அங்க நிறுத்த இடம் கிடைக்காது. ஆட்டோன்னா வாசல்லயே இறங்கிக்கலாம்” என்பாராம். ரிவர்ஸுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. “என் வண்டின்னா அவளுக்கு ஏனோ இளக்காரம் தம்பி” என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது, கடை முன்னால் ஜீப் நின்றது. முதல்முறையாக அதன் முகம் கடையைப் பார்த்திருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன.

“கழட்டிடு தம்பி.”

“என்னண்ணே ஆச்சு?”

“பொண்ணு வந்து சொன்னா. நான் குளிக்கப் போறப்பல்லாம் உங்க அண்ணி தனியா வண்டிகிட்ட வந்து ஏறிப் பாத்திருக்கா. முடியல. ரெண்டு தடவை விழுந்திருக்கா. முழங்கை வீங்கியிருந்தப்ப கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா, நானும் நம்பினேன்.”

என் கை தானாகவே ஜாக்கியைத் தேடியது. அவருடைய பழைய டயர்களை நான் ஒரு காய்கறி வண்டிக்காரருக்கு எப்போதோ கொடுத்துவிட்டிருந்தேன். அதே அளவில் வேறு தேடித் தருகிறேன் என்றேன்.

“அதே அளவு போதாது” என்று சட்டைப் பையிலிருந்து அண்ணியின் தையல் டேப்பை எடுத்தார். “அவளால காலைத் தூக்கி ஏற முடியாது. சீட்டுல பக்கவாட்டுல உக்காந்து, அப்புறம் காலை உள்ள திருப்பிக்கணும். சமையல்கட்டு ஸ்டூல் உயரம்வரைக்கும் அவளால உக்காந்து எழுந்திருக்க முடியுது. சீட்டு அந்த உயரத்துக்கு வரணும்.”

கட்டைகளை எடுத்தேன். அந்த ரிம்மில் மாட்டக்கூடியதிலேயே மிகச் சிறிய டயர்களாகத் தேடிப் போட்டேன். அப்போதும் உயரம் மிச்சமிருந்தது. அவர் கடைத் தரையில் உட்கார்ந்து சீட்டின் அடிப்பலகையைக் கழற்றி, பஞ்சைப் பாதியாக வெட்டினார். டேப்பை வைத்துப் பார்த்தார். மறுபடி வெட்டினார். நான் வெட்டியிருந்த மட்கார்டு ஓட்டைக்குள் அந்தச் சின்னச் சக்கரங்கள், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி தெரிந்தன. தெருவில் சிலர் பொம்மை வண்டி என்று கிண்டல் செய்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் அந்த வண்டியில்தான் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். என் கடையைத் தாண்டும்போது கையை ஆட்டுவார். கடைசி வாரங்களில் கையைத் தூக்க முடியாமல், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் அசைத்தார்.

நடுவில் ஒரு நாள் மலைக்கும் போயிருக்கிறார்கள். அந்த டயரை வைத்துக்கொண்டு எப்படி ஏறும்? பாதி வழியிலேயே வண்டியின் அடிவயிறு பாறையில் தட்டி நின்றுவிட்டது. முகட்டில் கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்ததாம்.

“நடந்து போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, எப்பவும் சொல்ற மாதிரின்னு அவ சொன்னா. நான் போகல தம்பி. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அப்ப அவ சொல்றா, இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.” இதைச் சொல்லும்போது அவரும் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அண்ணி ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போனபோது ரிவர்ஸ் வாகன நிறுத்தத்தில் ஜீப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “அண்ணே, கதவைச் சாத்துங்க” என்றேன். என்னைப் பார்த்தார். நான்தான் சாத்தினேன்.

அதன்பிறகு அவர் வண்டியை எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மலையடிவாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர் கேட்டு வந்தார். பெரிய டயர்கள் என் கடையிலேயே இருந்தன; அவற்றை மாட்டித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரிவர்ஸ் தலையாட்டினார். நான் மாட்டும்போது அவர் நிற்கவில்லை. சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, “பஞ்சை மட்டும் புதுசாப் போட்டுக் குடுத்துடு தம்பி, அதுல உக்கார்றவங்களுக்கு இடுப்பு வலிக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது பார்த்தேன். நகரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். “அண்ணே” என்று கூப்பிட்டேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.