தண்ணீராக வந்த சாம்பிள்

வெள்ளாங்குளத்தில் அன்று வந்த மலச் சாம்பிள்களில் ஒன்று வெறும் தண்ணீராக இருந்தது. போத்தலில் எழுதியிருந்த பெயர் சவரிமுத்து. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; சிறுநீரகமும் பாதி பழுது. அதைக் கொண்டுவந்து தந்த அவருடைய மனைவி மரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்தது.

"அவர் என்ன குடிச்சவர் அக்கா?"

"ஆமணக்கெண்ணெய், மிஸ். ரெண்டு நாளாக் குடிக்கிறார். குடல் சுத்தமா இருக்கோணுமாம்."

"மூத்திரம் போறாரோ?"

"நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு இல்லை."

அப்போது நான் மன்னாரில் ஆய்வுகூட உத்தியோகத்தர். சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதாகிறவர்களின் குடலில் எந்தப் பற்றீரியா குறைகிறது, எது கூடுகிறது என்று உலகமெங்கும் தேடிக்கொண்டிருந்தார்கள். எது காரணம், எது விளைவு என்று யாருக்கும் நிச்சயமில்லை. அந்த ஆராய்ச்சிக்குத்தான் நாங்களும் இந்த ஊரில் சாம்பிள் சேர்த்தோம். நானோ எல்லாம் தெரிந்தவள் போல முந்திய கிழமை ஊர்ப் பொதுக் கட்டடத்தில் கால் மணி நேரம் விளக்கம் கொடுத்து, வருபவர்களின் பெயரையும் பதிந்திருந்தேன்.

தறப்பாள் விரிப்பால் கூரை போட்ட கொட்டிலுக்குள் அவர் சுருண்டு கிடந்தார். நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. உடம்பில் நீர் வற்றினால் பழுதான சிறுநீரகம் என்னாகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வான் வண்டியிலேயே ஏற்றினோம். கிரவல் ரோட்டில் வான் குலுங்கும் போதெல்லாம் அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். குடலைப் பற்றிய என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் சாகப்போகிறார் என்று மன்னார் வரைக்கும் நடுங்கினேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மாலையில் கொஞ்சம் சிறுநீர் வந்தது. ஆள் தப்பினார். சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேற்றினின் மட்டும் பழைய அளவுக்கு இறங்கவேயில்லை.

மூன்றாம் நாள், "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் வாட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அகதி முகாமிலை இருந்து வந்து நாலு மாசம், மிஸ். வயித்துக்குள்ள கிருமி இருக்கெண்டு கண்டால், தொத்து வருத்தம் எண்டு வீட்டுத்திட்டத்திலை பெயரை வெட்டிப்போடுவினம் எண்டு பயந்தனான். வீட்டுக்குப் பதிஞ்ச கட்டடத்திலைதானே நீங்களும் எங்கட பெயரைப் பதிஞ்சனீங்கள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லார் குடலிலும் பற்றீரியா உண்டு, இந்தச் சோதனையால் யாருக்கும் வீடு போகாது என்ற இரண்டு வரியை நான் சொல்லியிருக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளே, சோதனை எதற்கு என்பதைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். எதற்கு இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.

அன்று கட்டிலருகில் நின்று அவருக்கும் சொன்னேன்.

"இதுக்கும் வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை அண்ணை."

"ஓம் மிஸ்," என்று தலையாட்டினார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார், "அப்ப என்ர பெயர் இன்னும் இருக்குதோ?"