இடமிருந்து வலமாக ஐந்து பேர்

எழுபத்திரண்டு வயதில் ஒருவன் புதிதாக எதையாவது வாங்கினால் வீட்டில் ஒரு கேள்வி வரும். பழையதை வாங்கினால் இரண்டு வரும். "ஏனுங்க, போன்லயே படம் நல்லா விழுகுதே, இந்தக் கருங்கல்ல எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் என் மனைவி. நான் பதில் யோசிப்பதற்குள், "அதுவும் ஊரான் ஒருத்தன் தேச்சுப் போட்டத?" என்று இரண்டாவதையும் கேட்டுவிட்டாள்.

தேய்த்துப் போட்டது என்பது உண்மைதான். பாலக்காட்டுச் சித்தூரில் கல்யாணப் படம் எடுக்கும் செந்திலிடம் வாங்கியது. பழைய ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமரா. அந்தக் காலத்துப் பிலிம் எவ்வளவு அகலமோ அதே அகலத்துக்கு உள்ளே சென்சார் இருக்கும். எனக்கு அது முக்கியம். பிலிம் கேமராவோடு வாங்கிய ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று என் பீரோவில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மகனுடைய சின்னக் கேமராவில் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, கதவிடுக்கு வழியாகக் கல்யாணம் பார்ப்பதுபோல் இருந்தது. செந்தில் கடையில் இதில் மாட்டியதும் எதிரே இருந்த பேக்கரி, அதன் வாசலில் நின்ற ஸ்கூட்டர், ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் வந்து நின்றன. அப்போதே மனசு விழுந்துவிட்டது.

"இத வெச்சு முன்னூறு கல்யாணத்துக்கு மேல எடுத்திருக்கறனுங்க சார். ஷட்டர் எத்தன தடவ அடிச்சிருக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கே வெக்கமா இருக்குதுங்க" என்றார் செந்தில். கைப்பிடி ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது. பொத்தான்களின் இடுக்கில் மஞ்சள் ஏறியிருந்தது. அத்தனை கல்யாணத்து மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனால் சந்தனமும் கொஞ்சம் பிரியாணியும் வந்தன.

கிளம்பும்போது ஒரு பழைய பிளாஷையும் எடுத்து நீட்டினார். "இதயும் வெச்சுக்கங்க, சும்மா கெடக்குது." வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக அதன் முதுகில் இருந்த சின்னச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பளீரென்று அடித்தது. படம் ஏதும் எடுக்காமலே வெளிச்சம் மட்டும் அடிக்கும் சோதனைப் பொத்தான் அது.

"இந்தப் பொத்தான்தானுங்க எங்கப்பாவக் காப்பாத்துன சாமி. மேடைல ஏறுற ஒரம்பர சனம் அத்தன பேத்துக்கும் பிலிம் செலவு பண்ண முடியுங்களா? இத ஒரு அமுக்கு. அவங்களும் சிரிச்சுட்டு பந்திக்குப் போயிருவாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபின் என் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்தேன்.

கேமராவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போதைய கேமராக்களுக்குத் தெரிந்த வித்தை எதுவும் இதற்குத் தெரியாது. முகத்தைத் தேடிப் பிடிக்காது, இருட்டில் திணறும், வானத்தில் அங்கங்கே தூசிப்புள்ளி விழும். ஆனால் காலை வெயிலில் ஒரு நெல்வயலைக் காட்டினால் பச்சையைப் பச்சையாகவே தரும். அழுத்தும்போது உள்ளே கண்ணாடி எழுந்து விழுகிற அந்தச் சத்தம், பெரிய வீட்டுக் கதவு சாத்துகிற மாதிரி. ஒரு வாரம் பள்ளிக்கூடப் பையனைப் போல வரப்பு வரப்பாகச் சுற்றினேன். களை எடுக்க வந்த சரசாவை எடுத்தபோது, அவர் சேற்றுக் கையோடு நேராக என்னிடம் வந்தார்.

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

பின்பக்கத்துத் திரையில் காட்டினேன்.

"மூக்கு என்னுங்க இப்பிடி கத்திரிக்கா மாதர விழுந்திருக்குது? அழிச்சுப்போட்டு வேற எடுங்க சார். எடுத்துட்டுக் காட்டோணும்."

அழித்தேன். எடுத்தேன். காட்டினேன். திருப்தியாகிப் போனார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கேமராவை ஈரம் தாக்காமல் இருக்கச் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கச் சொன்னான் மகன். எனக்கு அந்த நாளிலேயே வேறு வைத்தியம் தெரியும். அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து கேமராவோடு தகர டப்பாவில் வைப்பது. பழக்கத்தில் வாணலியில் ஒரு கை அரிசியைப் போட்டேன். வறுபட்ட வாசனை எழும்பியதும் மூணாறு வந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். நான் வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும். "ஏனுங்க சார், ஊட்டுப்பாடம் இருக்குங்களா?" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பித் தருவார்கள். மழைக்காலத்தில் சட்டை காய நான்கு நாள் ஆகும். செருப்பில் பூஞ்சை பூக்கும். அந்த ஊரில் ஒரு பழைய கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு வறுத்த அரிசியால் காப்பாற்றி வந்தேன். பசித்த நாளில் அந்த அரிசியையும் தின்றிருக்கிறேன் என்பதை இப்போது சொல்வதில் தவறில்லை.

கேமரா வைத்திருப்பவன் அங்கே ஒரு பெரிய ஆள். நான் அதைவிடவும் என்னைப் பெரிதாக நினைத்திருந்தேன். ஊருக்கு வரும்போது கோயம்புத்தூரில் பிலிம் வாங்கிப்போவேன். முப்பத்தாறு படம். அது பல மாதம் வர வேண்டும். அதனால் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என் பிளாஷிலும் இருந்த அந்தச் சிவப்புப் பொத்தானைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே கட்டைவிரலால் பிளாஷின் முதுகை அமுக்குவது. ஷட்டர் சத்தம் வேண்டுமே? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்கு. அதில் நான் கைதேர்ந்தவன்.

இசக்கியம்மாள் முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தார். போவதற்கு இரண்டு நாள் முன்னால், மாலையில், தன்னோடு ஒரே நிரையில் வேலை செய்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரட்டுக்களம் என்று ஓர் இடம், காலையில் ஆள் கணக்கு எடுப்பார்கள். அங்கே வரிசையாக நின்றார்கள். வேலை முடிந்த பிறகும் முதுகில் வெறுங்கூடை.

"கூடைய எறக்கி வெச்சிட்டு நில்லுங்க, நல்லா இருக்கும்" என்றேன்.

"கூடையோடதான் வேணும் சார். முப்பது வருசம் எங்கடி இருந்தேன்னு ஊருல கேப்பாகல்லா. காட்டணும். அங்க எனக்கு வேற என்ன இருக்கு?"

பக்கத்தில் நின்ற பேச்சி, "காதுல கெடக்கது ஏங் கம்மலுன்னு மட்டும் சொல்லிராத" என்றாள். ஐந்து பேரும் சிரித்தார்கள். மேற்கிலிருந்து மஞ்சள் வெயில் அவர்கள் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. எதிர்மலை வரைக்கும் ஒரு துணுக்கு மேகம் இல்லை. அப்படி ஒரு வெளிச்சம் அந்த ஊரில் மாதத்துக்கு ஒரு நாள் வரும்.

கேமராவில் இரண்டு படத்துக்கான பிலிம் மிச்சம் இருந்தது. ஒரு வார இதழ் நடத்திய போட்டிக்கு மூடுபனியை எடுத்து அனுப்ப வேண்டும் என்று அந்த இரண்டையும் நான் வைத்திருந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். கட்டைவிரலால் அமுக்கினேன். நாக்கால் சொடுக்கினேன்.

"ஐயையோ, கண்ண மூடிட்டேன்னு நெனைக்கேன். இன்னொன்னு அடிச்சிருங்க சார்" என்றார் இசக்கியம்மாள்.

இன்னொன்றும் அடித்தேன். தாராளமாக.

நான்கு நாள் கழித்து மூடுபனி இறங்கியது. அதே களத்தில் நின்று இரண்டு படமும் எடுத்தேன். ஒன்று ஆடிப்போயிற்று. மற்றதைப் போட்டிக்கு அனுப்பினேன். அவர்கள் ஒரு வரி அச்சடித்த தாளோடு திருப்பி அனுப்பினார்கள்.

ஊரிலிருந்து இசக்கியம்மாள் யாரையோ கொண்டு இன்லண்டு கடிதம் எழுதச் செய்தார். போட்டோ கழுவி வந்ததா. பிறகு இன்னொன்று. மூன்றாவது கடிதத்தில், தங்கை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். படம் விழவில்லை, மன்னியுங்கள் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் தீர்ந்தது. நான் படித்தவன் அல்லவா, அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றியது. போட்டியில் திரும்பி வந்த மூடுபனிப் படத்தை உறையில் போட்டேன். "நான் படம் எடுத்த கணத்தில் பனி இறங்கிவிட்டது. முகம் தெரியாவிட்டாலும் நீங்கள் ஐந்து பேரும் இதற்குள் இருக்கிறீர்கள்" என்று எழுதினேன். படத்தின் பின்னால், கரும்பலகையில் எழுதும் அதே அழகான கையெழுத்தில், இடமிருந்து வலமாக என்று போட்டு, இசக்கியம்மாள், பேச்சி, மாடத்தி, சண்முகத்தாய், வள்ளி என்று ஐந்து பெயரையும் வரிசையாக எழுதினேன். என்ன அருமையான யோசனை என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன்.

அடுத்த வருடம் பேச்சி கோவில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போய்விட்டு வந்தாள். மகனைப் பள்ளியில் விட வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அக்காவ பாத்தேன் சார். நீங்க அனுப்பின போட்டாவ சட்டம் போட்டு மாட்டியிருக்கா. வாரவுக போறவுகளுக்கெல்லாம் வெரல வெச்சுக் காட்டுதா. இந்தா இந்த வெள்ளைக்குள்ள நான் நிக்கேன், இது பேச்சி, இது மாடத்தின்னு."

நான் குனிந்து அவள் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"அன்னைக்கு நல்ல வெயிலுல்லா சார். எனக்கு நெனப்பு இருக்கு. அக்காட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"போடி கூறுகெட்டவளே, வாத்தியாரு பொய்யா சொல்லுவாருன்னு ஏசிட்டா."

பேச்சி என்னைத் திட்டவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் சாக்பீஸ் இருந்தது. புது பிலிம் இருக்கிறது, இன்றைக்கே உங்கள் நான்கு பேரையும் எடுத்துத் தருகிறேன் என்று உளறினேன்.

"வேண்டாம் சார். அதான் அஞ்சு பேரா ஒரு தடவ நின்னாச்சே" என்று சொல்லிவிட்டு மகனை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

சங்கரன்கோவிலுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் பயணம். வரும் விடுமுறையில் போகலாம் என்று மூன்று வருடம் நினைத்தேன். பிறகு பாலக்காட்டுப் பக்கம் மாற்றல் கிடைத்தது. கல்யாணம், பிள்ளைகள், தலைமை ஆசிரியர் நாற்காலி. பொய் சொன்ன பிள்ளைகளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இசக்கியம்மாள் இருக்கிறாரா என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. தன் கண்ணால் பார்த்த வெயிலை, நான் எழுதிய இரண்டு வரிக்காக அவர் விட்டுக்கொடுத்தார்.

போன மாதம் இந்தக் கேமராவோடு மூணாறு போனேன். பிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஜீப்பில் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தமக்குள் இந்தியில் பேசினார்கள், அல்லது இந்தி மாதிரி எதிலோ. முதுகில் கூடை இல்லை, சாக்கு. பேச்சியையோ மாடத்தியையோ கேட்க அங்கே ஆளே இல்லை.

கேமராவும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, சுற்றுலா வந்த பெண் ஒருத்தி தன் போனைத் தந்தாள். தோழிகளோடு நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அங்கிள், கண்ண மூடிட்டேன். இன்னொன்னு ப்ளீஸ்."

இன்னொன்று எடுத்தேன். அதையும் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னாள். அது சரிதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர்கள் போனபின் என் கேமராவைக் கண்ணில் வைத்தேன். மாலை ஐந்தரை மணி. அதே ஐம்பது எம்எம் லென்ஸ். மேற்கிலிருந்து மஞ்சள் வெயில் களத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஷட்டரைத்தான் அழுத்தினேன். பெரிய கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரையைத் திருப்பிப் பார்த்தேன். எதிர்மலை வரைக்கும் துல்லியமாக விழுந்திருந்தது. துளிப் பனி இல்லை. இடமிருந்து வலமாக ஒருவரும் இல்லை.