பொத்தானை விட்டும் நிற்காத பிரஸ்

மழிக்க மழிக்கத் தாடி வளர்கிறதே, அப்படியானால் மண்டைக்குள்ளும் ஏதோ வளர்கிறது என்று நம்பிய புத்திசாலி நான்தான்.

ஓசூர் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மச்சான் மகள் நசீமா பெங்களூரில் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள். பெருநாளுக்கு வந்தவளிடம், அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"செல்லு வளர வெளியிலருந்து ஒரு சிக்னல் வரணும் மாமா. இந்தப் பொல்லாத கட்டியில சிக்னலே வராம வளந்துக்கிட்டே இருக்கும். நடுவுல எங்க வெட்டினா நிக்கும்னு தேடறோம்."

"பட்டன விட்ட பொறவும் பிரஸ்ஸு இறங்கிட்டே இருக்குமே, அப்படியா?"

"அதேதான்."

அசந்து போனேன். நாங்கள் மெயினை அணைத்துவிட்டுத்தான் கெட்டுப்போன ரிலே சுவிட்சைத் தேடுவோம். இவர்களோ மெயினை அணைக்கவே முடியாத மனிதனுக்குள் தேடுகிறார்கள்.

மறுநாளே, மாதக்கணக்காக இருந்த என் தலைவலிக்கு அர்த்தம் புரிந்துவிட்டது: கட்டியேதான். வளர்ச்சி சிக்னலை நானே வெட்டினேன்: உடம்பை வளர்க்கும் களி, முட்டை, கறி எல்லாம் நிறுத்தம். வலி கூடியது. மனைவியிடம், "பிள்ளைங்களைப் பாத்துக்கோ" என்றேன்.

"களி தின்னா கட்டி வளருமா? அப்ப இந்த ஜில்லாவுல ஒரு தலையும் மிஞ்சாது. கெளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள்.

டாக்டர் என்னைப் பொறுமையாகச் சோதித்தார். கண்ணையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார்.

மெஷினோ மண்டையோ, இப்போது சோதிக்காமல் ஒயரில் கை வைப்பதில்லை. நசீமா அந்த ரிலேயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுக்காகத் துஆ செய்கிறேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக் கண்ணாடியும் ஓர் உருண்டை களியும்தான்.