ஊற்றைச் சுற்றிய கோடு

சேந்தமங்கலம் பக்கம் புதுச் சாலைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கொல்லிமலையில் எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. பஸ் ரோட்டுக்காக சர்வேயர் போட்ட கோடு, நாங்கள் தண்ணீர் மொள்ளும் ஊற்றின் மேலேயே போனது. விடிந்ததும் அம்மா அதை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள். அவர் விட்டுப்போன மீதிச் சுண்ணாம்பால் ஊற்றைச் சுற்றிப் புதுக்கோடு போட்டாள்.

சர்வேயர் வந்து பார்த்தார். "ஏனுங்க, யாரு வேலை இது?"

"நான்தானுங்க. ஊத்து மூடிப்போயிருமுங்க."

அவர் ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தார். நோட்டில் வளைவாகவே வரைந்துகொண்டார். அந்த ரோட்டில் பஸ் ஏறிப் போய்த்தான் நான் நகர் ஊரமைப்பு படித்தேன். அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் இருவருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

"மீதிச் சுண்ணாம்பை ஜீப்புல ஏத்தட்டுங்களா?" சேந்தமங்கலத்தில் கோடு போட்டு முடித்ததும் கேட்டார் எங்கள் டிரைவர்.

"வேண்டாங்க. இங்கயே இருக்கட்டும்."