ஸ்பாஞ்ச் டேப்பில் ஒட்டிய சென்சார்

வாஷிங் மெஷின் அளவுக்கு மீறிக் குலுங்கினால் எச்சரிக்க ஒரு கருவி செய்தேன். அதிர்வை அளக்கும் மலிவான சென்சாரை ஃபேரர் பார்க் எலெக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் வாங்கி, திருகாணி தேடச் சோம்பல்பட்டு, ஸ்பாஞ்ச் டேப்பால் பெட்டிக்குள் ஒட்டினேன். மெஷின் மெதுவாகச் சுற்றினாலே கருவி அலறியது.

பெட்டியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கொதிப்போடு கடைக்குப் போனேன்.

"டூப்ளிகேட் சாமான வித்து ஏமாத்துறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கடைக்கார அக்காவிடம் கத்தினேன்.

அவர் பெட்டியை லேப்டாப்பில் இணைத்துத் தட்டினார். திரையில் அதிர்வைக் காட்டும் கோடு எகிறியது. சென்சாரை விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி தட்டினார். கோடு லேசாகத்தான் அசைந்தது.

"ஸ்பாஞ்ச் ஆடுறதத்தான் அது சொல்லுது தம்பி. ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணுங்க லா," என்று இரண்டு திருகாணிகளை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.