அண்ணியின் நாய்

அந்த மாலையில் பூட்ஸ் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மூக்கு சுவரைத் தொட்டுவிடும் போலிருந்தது. வால் அசையவில்லை. தம்பின் பட்டணத்துப் பசாரில் வாங்கிய மீனை மேசைமேல் வைத்துவிட்டு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதுகூடத் திரும்பவில்லை. முன்பெல்லாம் என் கார் தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பும்போதே ஓடிவந்து குரைத்துக்கொண்டு கூடவே வரும் நாய் அது. அண்ணன் தேநீரை உறிஞ்சியபடி, வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"ஒன் அண்ணிய பாக்குது."

அண்ணி இறந்து அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அண்ணன் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடப்பிறந்த நாங்களெல்லாம் சிரம்பான் பக்கம் ராசா, சுங்கை காடுட் என்று பிழைப்பைத் தேடிப் போய்விட்டோம்; அவரும் அண்ணியும் மட்டும் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குப் பின்னால் கிடந்த ஒரு கறுப்புக் குட்டியை அண்ணிதான் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். நான்கு கால்களிலும் வெள்ளைப் பூட்ஸ் மாட்டியதுபோல இருந்ததால் அந்தப் பெயர். நாள் முழுக்க அதை ஏசுவார், ஏசிக்கொண்டே மீன் முள்ளைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சோறு பிசைந்து வைப்பார். சிறுநீரகம் கெட்டு அவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில், வேன் வரும் சத்தத்துக்காக அது வாசலிலேயே கிடக்கும். கடைசி முறை வேன் வந்தபோது அதில் அண்ணன் மட்டும்தான் இறங்கினார்.

பூட்ஸின் மாற்றங்கள் ஒரே நாளில் வந்தவையல்ல. முதலில் பகலெல்லாம் தூங்கியது. பிறகு, பழகிய கதவிலேயே கீல் இருக்கும் பக்கமாகப் போய் நின்று, திறக்கட்டும் என்று காத்திருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நுழைந்துகொண்டு பின்னால் வரத் தெரியாமல் முனகியது. குட்டியிலிருந்தே வீட்டுக்குள் ஒரு சொட்டு நனைத்தறியாதது, இப்போது கூடத்து நடுவில் சிறுநீர் கழித்துவிட்டு அதன்மேலேயே நடந்துபோனது. பொழுது சாயும் நேரத்தில் நிலைகொள்ளாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அந்தச் சமையலறை மூலையில் போய் நிற்கும். அண்ணி அடுப்பு வைத்திருந்த மூலை அது.

செத்தவர்கள் நாயின் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த மூலைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, மாலையில் அங்கே உட்கார ஆரம்பித்தார். இன்றைக்கு யார் வந்தார்கள், எந்த வீட்டில் கல்யாணம் என்று நாய் பார்த்து நிற்கும் சுவரைப் பார்த்துப் பேசுவார். நிறுத்தச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றும். ஆனால் அண்ணி போன பிறகு அவர் வாய்விட்டுப் பேசியது அந்த நேரத்தில் மட்டும்தான். எனவே நான் தடுக்கவில்லை.

ஒருநாள் தொலைபேசியில் அவர் குரல் சரியாக இல்லை. கையை மீன் டின் கிழித்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தால் உள்ளங்கையிலும் புறங்கையிலும் பல் இறங்கிய தடம். அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பூட்ஸை இழுத்து விடப் போயிருக்கிறார். அது திரும்பிக் கவ்விவிட்டது. ஊசி போடத் தம்பின் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டு வெளியே வந்ததும், காரில் ஏறாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அவளுக்கு எம்மேல கோவம்மா. அவ மூச்சு போனப்ப நான் கீழ கேண்டீன்ல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தேன். அதான் நாய விட்டுக் கடிக்க வைக்கிறா."

இத்தனை மாதமும் அந்த மூலையில் உட்கார்ந்து அவர் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஆறுதல் என்று நான் நினைத்துச் சும்மா விட்டது, மெல்ல மெல்ல அவருக்குத் தண்டனையாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பூட்ஸைக் காரில் ஏற்றிச் சிரம்பானில் ஒரு மிருக மருத்துவரிடம் கொண்டுபோனோம். நடுத்தர வயதுச் சீனப் பெண். நாயின் கண்ணெதிரே கையை அசைத்தார், தலைக்குப் பின்னால் கை தட்டினார், இடுப்பை மெல்ல அழுத்தினார். அழுத்தியதும் அது உறுமியது. பிறகு எங்களுக்குப் புரியும்படி மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, காது அநேகமாகப் போய்விட்டது, இடுப்பு மூட்டில் வலி. அதோடு, வயதான மனிதர்களுக்கு வரும் மறதிபோல நாய்களுக்கும் வரும். மூலைக்குப் போனால் திரும்பி வரும் வழி அதற்குத் தெரிவதில்லை, அதனால் அங்கேயே நிற்கிறது. பின்பக்கமாக வந்த கை யாருடையது என்று தெரியாமல், வலியிலும் பயத்திலும் கடித்திருக்கிறது. இதைக் குணமாக்க முடியாது; வலியைக் குறைக்கலாம், பயத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்கு யாரையாவது ஞாபகம் இருக்குமா? மருத்துவர், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மற்றவை போன பிறகும் மோப்பம் ஓரளவு நிற்கும் என்றார்.

திரும்பும் வழியில், தோட்டத்துச் சாலையில், இருபுறமும் பனைகள் நெருங்கி வெளிச்சம் குறைந்த இடத்தில், அண்ணன் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாயைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவ கோவப்படல."

"இல்லண்ணே."

"அங்க வரவும் இல்ல."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். சாவு வீட்டில்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் அந்த மூலையைப் பலகை வைத்து மறைத்துவிட்டார். நாற்காலி வாசலுக்குப் போனது. அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்; பிறகு எந்தப் பொருளையும் இடம் மாற்றவில்லை, என்னையும் மாற்ற விடவில்லை. வழுக்கும் சிமெண்டுத் தரையில் பழைய சாக்குகளை விரித்தார். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். நாயிடம் போகும்போது காலால் தரையைத் தட்டி அதிர்வு கொடுத்து, முன்பக்கமாக வந்து, புறங்கையை மூக்கருகே நீட்டிக் காத்திருப்பார். அது முகர்ந்து முடித்த பிறகுதான் தொடுவார். சோறு, மாத்திரை, கொல்லைப்பக்கம் கூட்டிப்போவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். பூட்ஸ் மறுபடி கடிக்கவில்லை. ஆனால் சாயங்கால அலைச்சல் மட்டும் நிற்கவில்லை. மூச்சிரைக்கச் சுற்றிவந்து முனகும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்படி ஒரு மாலையில்தான் அவர் அறைக்குள் போய், வாய் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அண்ணி கடைசியாக மருத்துவமனைக்குப் போகும்போது கழற்றிப் போட்ட நைட்டி. துவைக்காமல் வைத்திருந்திருக்கிறார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முடிச்சை அவிழ்த்ததும் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாக்கின்மேல் அதை விரித்தார். பூட்ஸ் சுற்றிவரும் வழியில் அதைக் கடந்தது, நின்றது, திரும்பி வந்தது. முகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் முன்கால்களை மடக்கி அதன்மேல் படுத்து, கழுத்துப் பட்டியில் மூக்கை நுழைத்துத் தூங்கிப்போனது.

நான்கைந்து வாரம் அந்தத் துணிதான் அதன் படுக்கை. நாய் அதன்மேலேயே நனைத்தது, வாந்தி எடுத்தது. முதல் முறை அண்ணன் வெயிலில் மட்டும் காயப்போட்டுப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் துவைத்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை. பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஒரு நுனியை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இனி இது வெறுந்துணிதான்," என்றார்.

பூட்ஸ் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரையும் நிறுத்தியது. வலியில்லாமல் போக ஊசி போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மருத்துவரிடம் போக நான் விடுப்பு எடுத்திருந்த நாளின் முற்பகலில், வெயில் விழுந்த கூடத்தில், அண்ணன் கை அதன் வயிற்றின்மேல் இருக்கும்போதே அது அடங்கிவிட்டது. இந்த முறை அவர் எங்கும் எழுந்து போயிருக்கவில்லை. கொல்லையில் குழி தோண்டினோம். அந்த நைட்டியில் சுற்றும்போது பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனம் தாங்கவில்லை; அதையாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

அண்ணன் நிமிராமலே சொன்னார். "அவ துணி. அவ நாய்."

இப்போது அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில் விளக்கெரியும் வீடுகள் இன்னும் குறைந்துவிட்டன. ராசாவில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நான் கூப்பிடுவதும், பார்க்கலாம் என்று அவர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா, அவர் தனியாகக் கிடக்கிறாரே என்று ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். அண்ணன் அதை மடியில் வாங்கி, காதைத் தடவி, வெகுநேரம் வைத்திருந்தார். அது அவர் விரலைக் கடித்து விளையாடியது. பிறகு எழுந்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்லா. இதுக்கு வயசாகும்போது பாத்துக்க நான் இருக்க மாட்டேன்."