விஜயலட்சுமியின் வெறும் வயிறு

நன்னிலம் பக்கத்தில் நாலு ஏக்கர் குத்தகை நிலத்தை விஜயலட்சுமிதான் பார்த்துக்கொள்கிறாள். கணவர் ராஜ்குமாருக்கு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. வயலில் அவருக்கு ஒரே வேலைதான், மனைவி சொன்ன இடத்தில் நிற்பது.

பாம்பைக் கண்டாலும் பதறாத விஜயலட்சுமிக்கு சர்க்கரை என்றால் மட்டும் உயிர் நடுங்கும். சர்க்கரை முற்றித்தான் அவள் அம்மாவுக்கு ஒரு காலை எடுத்தார்கள். நடவில் எல்லோரையும் முந்திக்கொண்டு போன கால் அது. அதனால் வருஷம் தவறாமல் சோதித்துக்கொள்வாள். சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டால் அன்று வீட்டில் பாயசம்!

இந்தச் சித்திரையில் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. சங்கிலி அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள். எரிச்சல்தான் மிச்சம். வழக்கமான சோதனைக்குப் போனபோது டாக்டர் ஷம்சாத் அந்தக் கழுத்தைக் கவனித்துவிட்டார்.

"சர்க்கரை நார்மல்தாம்மா. ஆனா இன்சுலின் கூடினா கழுத்து இப்படிக் கறுக்கும். சர்க்கரையை நார்மலா வைக்க உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு பாக்கணும். வயல்ல தண்ணி நிக்கிது, சரி. மோட்டார் ராப்பகலா ஓடித்தான் நிக்கிதான்னு தெரியணும்ல? நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

மறுநாள் ரத்தம் கொடுத்தாள். இன்சுலின் எக்கச்சக்கமாக வந்தது. விஜயலட்சுமி குனிந்து தன் காலைப் பார்த்து அழுதேவிட்டாள்.

டாக்டருக்குச் சந்தேகம். "காலையில எதுவும் சாப்பிடலியே?"

"பச்சைத் தண்ணி கூட பல்லுல படலைங்க. நீராகாரம் மட்டும்தான், ஒரு சொம்பு."

"நீராகாரமா!"

"அது சாப்பாட்டுல சேராதுங்களே?"

சிரிப்பை அடக்க டாக்டர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய சோற்றில் ஊறிய தண்ணீரும் சோற்றுக் கணக்குதான் என்று சொல்லி, மறுபடி வரச் சொன்னார். மறுபடி போகவேண்டிய நாள் காலையில் ராஜ்குமார் முந்திக்கொண்டு எழுந்து, பானையிலிருந்த நீராகாரம் முழுவதையும் தானே குடித்துவைத்தார். கல்யாணமானதிலிருந்து அவர் காட்டிய ஒரே கண்டிப்பு அது.

இந்தத் தடவை இன்சுலின் குறைந்திருந்தது. ஆனாலும் இருக்கவேண்டியதைவிட அதிகம். கொழுப்புச் சோதனையில் டிரைகிளிசரைடு ஏறியும் நல்ல கொழுப்பு இறங்கியும் இருந்தன.

"சர்க்கரை நோய் இல்லம்மா. அந்தப் பக்கம் போற வழி. இப்பவே திரும்பிடலாம்" என்றார் டாக்டர்.

திரும்பினாள். தட்டில் சோறு பாதியானது, காய் இரட்டிப்பானது. தான் விளைவித்த அரிசியையே அளந்து தின்பதில் அவளுக்குப் பெரிய கோபம். அதைப் பூராவும் ராஜ்குமார்மேல் காட்டினாள். வயலுக்கு ஸ்கூட்டரில் போவதை விட்டு நடந்தே போனாள்.

குறுவை அறுவடை முடிந்து மறுபடி சோதித்தபோது இன்சுலினும் டிரைகிளிசரைடும் நன்றாக இறங்கியிருந்தன. கழுத்தும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பாயசம் கிடைக்குமென்று ராஜ்குமார் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அவள் வயலுக்கு விடச் சொன்னாள்.

குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"இன்னிக்காவது ஓய்வெடுக்கக் கூடாதா?" என்றார் ராஜ்குமார்.

"எங்கம்மாவுக்குக் கால் போனப்ப நாப்பத்தஞ்சு வயசுங்க. எனக்கு இந்த மாசம் நாப்பத்தாறு பொறந்துடுச்சு."

அவர் நாற்றுமுடி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு குனிந்தாள்.